புல்கெண்டை என்றான் மாப்பிள்ளை

பெண் கேட்டு வந்த அன்றைக்கே ஆரம்பித்த வம்பு அது. அன்று ஜின்லான் தன் தொட்டியிலிருந்த விரால்களிலேயே கொழுத்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தட்டிப்போட்டு, பால்போல வெளுக்கும்வரை கொதிக்கவைத்துச் சாறு வைத்திருந்தாள். ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்கிறவள் சம்பந்தி வீட்டாருக்கு வேறென்ன வைப்பாள்? அவள் கடை விராலுக்காக அக்கரை ஊர்க்காரர்கள் படகேறி வருவார்கள். வந்த சம்பந்தி பன்றிக்கறியை ஒரு கை பார்த்தார். வாத்தை எலும்பு மிச்சமில்லாமல் தின்றார். அரிசிச் சாராயத்தையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் மகன் ஷோஜிங்கும் அப்படியே. விரால் சாறு மட்டும் வைத்த இடத்திலேயே ஆறி, மேலே ஆடை கட்டிக் கிடந்தது.

"என்ன சம்பந்தி, சாறைத் தொடவே இல்லையே? உப்பு கரிக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா. இது மட்டும் எங்களுக்கு ஆகாது. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல்? அவள் குடும்பமே அந்த விராலில்தான் சோறு தின்றது. புருஷன் போன பிறகு மகள் சூயுன்னைப் படிக்கவைத்ததும் அந்த விரால்தான். அதை ஆகாது என்றால் அவளையே ஆகாது என்று சொன்ன மாதிரிதானே?

சம்பந்தி வீட்டார் பரம்பரையாகத் தாவோ பூசாரிகள். மலை மேல் மடத்தில் தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு தனியாக வாழ்கிற துறவிகள் இல்லை. ஊருக்குள் வீடு வாசல், பெண்டாட்டி பிள்ளை என்று இருந்துகொண்டு, சாவு விழுந்த வீட்டில் ராத்திரி முழுக்க மந்திரம் பாடுகிறவர்கள். புதுவீட்டுக்கு நாள் குறித்து, பயந்த குழந்தைக்கு மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் தாயத்து எழுதுகிறவர்கள். கல்யாணத்துக்கு எதிர்ப்பு ஒன்றும் சொல்ல வழியில்லை. சூயுன் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டாள்.

காரணத்தைச் சூயுன்தான் பிறகு சொன்னாள். "அம்மா, அவங்க நாலு இறைச்சி தொடமாட்டாங்க. உழைக்கிறதால மாடு, விசுவாசத்துக்கு நாய், ஜோடி மாறாததால காட்டுவாத்து, வீட்டு வாத்து இல்ல. அப்புறம் விரால்."

"அது என்னடி பண்ணுச்சு? பாட்டுப் பாடுச்சா?"

"முட்டையிட்ட பிறகு தாய் விராலுக்குக் கண்ணு தெரியாமப் போயிடுமாம். அது பட்டினி கிடந்து செத்துடக் கூடாதுன்னு குஞ்சுங்களே ஒவ்வொண்ணா வந்து அது வாய்க்குள்ள விழுமாம். அப்படிப்பட்ட பிள்ளைங்க இருக்கிற மீனை எப்படித் திங்கிறதுன்னுதான்."

ஜின்லான் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் சிந்தியது. "அடி போடி! எத்தனை வருஷமா விரால் அறுக்கிறேன், குருட்டு விரால் ஒண்ணைக்கூட நான் கண்டதில்லை. பசிச்சா தாயே பிடிச்சுத் தின்னுடும். இவங்க புஸ்தகத்துல பார்த்த விராலு, என் தொட்டிப் பக்கம் வந்ததே இல்ல போல!"

சிரித்தாளே தவிர மனசு ஆறவில்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. சாவு வீட்டில் பாடிவிட்டு விடியற்காலை சந்தை வழியாக வரும்போதெல்லாம் ஷோஜிங் மீன் வரிசைக்குள் வராமல் காய்கறிச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவான். தூரத்திலிருந்து தலை குனிந்து வணக்கம் சொல்வான். "பார்த்தியா, என் தொட்டித் தண்ணி பட்டா அவருக்குத் தீட்டு" என்று பக்கத்துக் கடை லாய்தியிடம் முணுமுணுப்பாள் ஜின்லான். லாய்தி நண்டு விற்கிறவள். வாய் ஓயாதவள்.

"அட விடுக்கா. அந்த மனுஷன் எறும்பு மேலகூடக் கால் படாம பார்த்து நடக்கிறாரு. உங்க விராலு என்ன, அவருக்கு மாமியாருன்னாலே பயம்."

"பயமா? பயந்தவரு ஒரு வாய் குடிச்சிருக்க வேண்டியதுதானே!"

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் எட்டாம் மாதத்தில், ஒரு பெரிய விராலைத் தலையில் தட்டப்போகும் நேரம் அது துள்ளியது. செதிலோ முள்ளோ, எதுவோ ஒன்று ஜின்லானின் வலது கண்ணில் அடித்தது. இடது கண்ணில் ஏற்கனவே புரை விழுந்து வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண்ணைக் கொண்டுதான் அவள் பிழைப்பு ஓடியது. சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தாள் மகராசி. இரண்டு நாளில் கண் பழுத்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் அறுத்துச் சுத்தம் செய்து தைத்து, கண் அசையக் கூடாதென்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிப் படுக்கையில் போட்டார்கள்.

"தையல் கூடினா பார்வை உண்டு. கூடலைன்னா அந்தக் கண்ணை மறந்துடுங்க" என்றார் டாக்டர். "நல்லாச் சாப்பிடணும். அழக் கூடாது."

சூயுன்னுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வாசல் தாண்டக் கூடாது, குளிர்காற்று படக் கூடாது. அதனால் வந்தது யார்? மாப்பிள்ளை. மாமியாருக்கு முகம் துடைத்துவிட, கழிவறைவரை கைப்பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் திரும்பி நிற்க, கிண்ணத்தை வாயருகில் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஆகாத மாப்பிள்ளை. ஜின்லானுக்கு மானமே போய்விட்டது.

"நீங்க போங்க மாப்பிள்ளை. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஒன்பதாம் மாசப் பூஜை வருதில்ல?"

"அது ஆகட்டும் அத்தை. நீங்க வாயைத் திறங்க."

ஒன்பதாம் மாதப் பெரிய பூஜை சாமானியமானது இல்லை. ஊரே கூடும். அப்பா போன பிறகு அந்த வருஷம்தான் ஷோஜிங் முதல்முறையாகத் தலைமைப் பூசாரியாக நின்று, ஊருக்காகத் தெய்வத்துக்கு விண்ணப்பம் வாசிக்க வேண்டும். அதற்குமுன் பல நாள் உடம்பும் மனமும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். இதெல்லாம் ஜின்லானுக்கும் தெரியும்.

அவன் என்னென்னவோ கொண்டுவந்தான். முட்டை வேகவைத்துக் கொண்டுவந்தான், பன்றி எலும்புச் சாறு கொண்டுவந்தான், தாமரைக் கிழங்குக் கஞ்சி கொண்டுவந்தான். ஜின்லானுக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பயம்தான் காரணம். குருடியாகிவிட்டால் கடை போச்சு. கடை போனால் மகள் வீட்டுத் திண்ணைக்குப் பாரம். இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி பேசிய மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில்தான் மிச்ச நாள் கழியும்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வார்டு முழுக்க விரால் வாசனை. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புண் ஆற விரால் சாறுதான் கொடுப்பார்கள், இந்தப் பக்கத்தில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வேளாவேளைக்குத் தூக்குப் பாத்திரங்கள் திறக்கும். இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே சாறுக்கு மீன் கொடுத்தவள், அந்த வாசனைக்கு நடுவில் தாமரைக் கிழங்குக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தாள். தாவோ பூசாரி வீட்டு அடுப்பில் விரால் வை என்று எந்த வாயால் கேட்பாள்? சூயுன் தொலைபேசியில் இழுத்து இழுத்துக் கேட்டாள். "அம்மா, உனக்கு விரால் சாறு வேணும்னா லாய்தி சித்தியை..."

"அய்ய! தினம் பார்த்த மூஞ்சி அது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. லாய்திக்கு ரெண்டு கடை பார்க்கவே நேரமில்ல. நீ குழந்தையைப் பாரு."

அடுத்த கட்டிலில் வென் டீச்சர் என்று ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"மாப்பிள்ளை தாவோ ஆளா? அப்ப நீங்களும் தாவோவா?"

"நானா? நான் மீன்காரி."

"அதில்லைம்மா, மதம் கேட்டேன்."

"மதமெல்லாம் எங்களுக்கு ஏது டீச்சர்? நாங்க சாதாரண ஆளுங்க."

"புதுவருஷத்துக்குக் கதவுல காவல் தெய்வப் படம் ஒட்டுவீங்களா?"

"பின்ன, மொட்டைக் கதவையா வைப்பாங்க?"

"அடுப்படித் தெய்வத்துக்கு இனிப்பு?"

"அவரு மேல போய் நம்மளைப் பத்திக் கோள் சொல்லாம இருக்கணும்ல? வாயை ஒட்டவைக்கிற மாதிரி நல்லாப் பிசுபிசுன்னு வைப்பேன்."

"நாள் பார்ப்பீங்களா?"

"நாள் பார்க்காம ஒரு கூரையைப் பிரிக்க முடியுமா?"

டீச்சர் சிரித்தார். "இதெல்லாம்தானேம்மா தாவோ?"

"அதுக்கெல்லாம் ஒரு பேரு வேறயா? எல்லாரும் செய்யறதுதானே. புருஷன் செத்தப்ப தாவோக்காரரும் பாடினாரு, மறுநாள் புத்தர் கோயில் மொட்டைச் சாமியாரும் வந்து பாடினாரு. போறவருக்கு வழி தெரிஞ்சாச் சரி." சற்று நேரம் கழித்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "அவங்கதான் தாவோ ஆளுங்க. நான் அவங்க தொடாத மீனை விக்கிறவ."

ஐந்தாறு நாள் போயிருக்கும். காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "என்னம்மா இது? தையல் ஓரமெல்லாம் அப்படியே பிளந்து நிக்குது. சாப்பிடறீங்களா இல்லையா? இப்படியே போனா கண்ணு தங்காது, சொல்லிட்டேன்." செருப்புச் சத்தம் போய்விட்டது. கட்டிலருகில் ஷோஜிங் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அத்தை, ஒரு வாய் கஞ்சி..."

ஜின்லானுக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! கையை வீசினாள். கிண்ணம் தரையில் உருண்டது. "கஞ்சி, கஞ்சி! நான் குருட்டு விராலாயிட்டேன் மாப்பிள்ளை, சந்தோஷமா? உங்க கதையில வர்ற விராலுதான் நான். ஆனா எந்தக் குஞ்சும் வந்து என் வாயில விழக் காணோம்!"

அவன் கீழே குனிந்து கிண்ணத்தை எடுத்தான், தரையைத் துடைத்தான், போய்விட்டான்.

மதியம் வரவில்லை. ஜின்லான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவி வாய், பாவி வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ராப்பகலாகப் பெற்ற பிள்ளைபோல் பார்த்தவனிடம், அவன் கும்பிடுகிற ஒன்றை எடுத்து முகத்தில் அடித்துவிட்டாளே. இனி அவன் வராவிட்டாலும் கேட்க அவளுக்கு வாயில்லை.

மாலை வெயில் கன்னத்தில் பட்ட நேரம், கட்டிலருகே கரிப்புகை வாசனை வந்தது. வீட்டில் அவர்களுக்குக் கேஸ் அடுப்பு. கரிப்புகை ஏன்?

"அத்தை, புல்கெண்டைச் சாறு கொண்டாந்திருக்கேன். கொஞ்சம் குடிச்சுப் பாருங்க. முள்ளு நிறைய இருக்கும், பார்த்து."

தூக்குப் பாத்திரம் திறந்தது. ஜின்லானுக்குக் கண்தான் கட்டியிருந்தது, மூக்கு கட்டவில்லை. அந்த வாசனை அவள் ரத்தத்தில் ஊறியது. கரண்டி உதட்டில் பட்டது. இஞ்சி பத்தவில்லை. எண்ணெயில் புரட்டாமல் அப்படியே கொதிக்கவைத்திருக்கிறான், தோல் வழுவழுப்புகூடச் சரியாகப் போகவில்லை. வாழ்நாளில் இந்த மீனைத் தொட்டே பார்க்காதவன் வைத்த சாறு. கரண்டியில் ஒரு துண்டு மீன் வந்தது. நாக்கால் மெல்ல அழுத்தினாள். புல்கெண்டையாக இருந்தால் இந்நேரம் நாக்கில் நாலு பொடிமுள்ளாவது குத்தியிருக்கும். இதில் முள்ளே இல்லை. சதை முழுக்கப் பஞ்சு.

விரால்.

யாரிடம் புல்கெண்டை என்கிறான்? மீன் குஞ்சுக்கே நீச்சல் கற்றுக்கொடுக்கிற கதைதான். 'மாப்பிள்ளை, இது என்ன மீனுன்னு எனக்குத் தெரியாதா' என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால்? விரால் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அது விராலாகிவிடும். அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒன்று அவளுக்காக உடைந்தது என்று ஆகிவிடும். சொல்லாதவரை அது புல்கெண்டை. அவன் கை சுத்தம்.

விழுங்கினாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

"உப்பு கம்மி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இஞ்சியை இன்னும் ரெண்டு தட்டு சேர்த்துப் போடுங்க. எண்ணெயில ரெண்டு புறமும் லேசாப் புரட்டிட்டுத் தண்ணி ஊத்தணும். புல்கெண்டைக்கு அதான் பக்குவம்" என்றாள்.

"சரிங்க அத்தை."

பாத்திரம் காலியானது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. பக்குவம் நாளுக்கு நாள் தேறியது. அவன் ஒவ்வொரு தடவையும் முள் ஜாக்கிரதை என்பான். அவளும் உம் கொட்டிக்கொள்வாள். பக்கத்துக் கட்டில் வென் டீச்சர் ஒருமுறை மூக்கை உறிஞ்சி, "இது என்னம்மா, விரா..." என்று ஆரம்பித்தார். "புல்கெண்டை டீச்சர்" என்று ஜின்லான் வெட்டிய வெட்டில் அதற்குமேல் கேட்கவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, ஓரம் கூடிவருகிறது என்றார். நாளை மறுநாள் ஒரு கண்ணைத் திறந்துவிடலாம் என்றார். அன்று மதியம்தான் லாய்தி கடையைச் சாத்திவிட்டு நண்டு நாற்றத்தோடு வந்து சேர்ந்தாள்.

"அக்கா! உங்க மாப்பிள்ளைக்கு என்னாச்சு? ஒன்பதாம் மாசப் பூஜைக்கு அவரு நிக்கலையாமே? பெரியப்பா மகனை நிக்கச் சொல்லிட்டாராம். ஊர்ப் பெரியவங்க கேட்டதுக்கு, இந்த வருஷம் என் கை சுத்தமா இல்லன்னாராம். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாராம்."

லாய்தி குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும் ஏன்னு. அன்னைக்கு நேரா நம்ம வரிசைக்குள்ள வந்தாரு அக்கா! காய்கறிச் சந்து இல்ல, நேரா உங்க தொட்டி முன்னாடி. பித்துப் பிடிச்ச மாதிரி நின்னாரு. ஒண்ணு குடுங்கன்னாரு. நான் அறுத்துத் தரேன்னேன், கேக்கலை. நான் குடுக்கப்போறது நானேதான் செய்யணும், இதை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன்னாரு. ஆத்தங்கரையில உக்காந்து அந்த மீனு கிட்ட என்னவோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. மன்னிப்புக் கேக்கிறாரு போல. அப்புறம் கத்தியை எடுத்தாரு பாருங்க, விராலு வழுக்குமே, அவருக்கு எங்க பிடிக்கத் தெரியும்? கட்டைவிரல் பொளந்துடுச்சு. வீட்டு அடுப்புல வைக்கக் கூடாதாம், புதுசா மண்சட்டி வாங்கி அங்கயே மூணு கல்லு வச்சுக் கரியைப் போட்டு... நானே அழுதுட்டேன்க்கா. அந்த விராலை..."

"வாயை மூடு லாய்தி."

"ஆ?"

"அது புல்கெண்டை."

"என்னக்கா, நானே என் கையால விராலை எடுத்து..."

"புல்கெண்டைன்னு சொன்னேன்ல? யாரு கேட்டாலும் புல்கெண்டை. சந்தையில கேட்டாலும் புல்கெண்டை, ஊர்ப் பெரியவங்க கேட்டாலும் புல்கெண்டை, செத்துப்போய் மேல கேட்டாலும் என் மாப்பிள்ளை எனக்குக் குடுத்தது புல்கெண்டை. கேட்டுச்சா?"

லாய்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அதிசயம்தான். போகும்போது ஜின்லானின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

அழக் கூடாது, அழக் கூடாது என்று ஜின்லான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பெண் கேட்டு வந்த நாளில் ஆடை கட்டி ஆறிப்போன சாறு நினைவுக்கு வந்தது. அதற்காக இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே! அவன் காய்கறிச் சந்தில் சுற்றிப் போனபோதெல்லாம் அவளை வெறுத்தா போனான்? பிள்ளை தாயைப் பார்த்துக்கொள்கிற ஒரு மீன், அதைச் சாகக் கண்ணால் பார்க்க மாட்டாமல் போனான். குஞ்சு வந்து வாயில் விழவில்லை என்று கத்தினாளே, அவளும் ஒரு பொம்பளையா?

மாலையில் கரிப்புகை வாசனை வந்தது.

"அத்தை, தூங்கறீங்களா? சாறு சூடா இருக்கு."

எழுப்பி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தான். கரண்டியில் ஊதும் சத்தம் கேட்டது. "முள்ளு ஜாக்கிரதை."

ஜின்லான் ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். பஞ்சு மாதிரிக் கரைந்தது. அவள் சட்டென்று நிறுத்தி, முகத்தைச் சுளித்து, இரண்டு விரலை வாய்க்குள் விட்டுத் துழாவி எடுத்தாள். ஒன்றுமில்லாத அந்த இரண்டு விரலையும் அவன் இருக்கும் பக்கம் நீட்டினாள்.

"பாருங்க, எவ்வளவு பெரிய முள்ளு! நல்லவேளை சொன்னீங்க மாப்பிள்ளை. புல்கெண்டைன்னாலே இதுதான் தொல்லை."

கரண்டியைப் பாத்திரத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் விரலுக்குக் கீழே ஒரு உள்ளங்கை வந்து விரிந்தது. கட்டைவிரலில் சுற்றியிருந்த துணி அவள் மணிக்கட்டில் உரசியது. அவள் விரலைப் பிரித்து, அந்த முள்ளை அவன் கையில் வைத்தாள். அவன் கையை மூடிக்கொண்டான்.

"ஆமா அத்தை" என்றான். "பெரிய முள்ளுதான்."

"சரி சரி, ஆறிடப் போகுது, குடுங்க" என்று சொல்லிவிட்டு, கண் கட்டிய முகத்தை அவன் பக்கம் நிமிர்த்தி, ஜின்லான் வாயைத் திறந்தாள்.